ஊவாவின் மரையும் மானும்: வேட்டை அனுமதிப்பத்திரத்தின் வரலாறு

இலங்கையின் ஊவாப் பகுதி வேட்டைக்குப் பெயர் பெற்றதற்கு அதன் நில அமைப்பே முதற் காரணம். மேற்கே ஹப்புத்தளைத் தொடரும் ஒஹியாவும் ஹோர்ட்டன் சமவெளியை ஒட்டி ஐயாயிரம் அடிக்கு மேல் எழுகின்றன. நடுவே பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களில் மானாப்புல் மூடிய பத்தனை நிலங்கள். கிழக்கிலும் தெற்கிலும் மலை சரிந்து பிந்தனை, நீல்கலை, வெல்லஸ்ஸை என்ற வெப்பக் காடுகளாகப் பரவுகிறது. மலைக்காட்டில் மரை இருந்தது. யானையும் ஏறி வந்து போனது. தாழ்நிலத்தில் புள்ளிமான், மரை, காட்டெருமை, கரடி, சிறுத்தை எல்லாம் இருந்தன. ஊவாவின் பெரும்பகுதிக்கு மழை வடகீழ்ப் பருவத்தில்தான் வருகிறது. ஆனி முதல் புரட்டாதி வரை நீடிக்கும் வறட்சியில் ஓடைகள் வற்றி, நீர் சில குளங்களிலும் ஆற்று மடுக்களிலும் மட்டும் தங்கும். தாகங்கொண்ட மான் கூட்டம் எங்கே வரும் என்பதை அந்த மாதங்களில் சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

இந்தக் காடுகளில் முதலில் வேட்டையாடியவர்கள் வேடர்கள். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ் அவர்களைப் பற்றி எழுதியுள்ள செய்திகள் இன்றும் படிக்கத் தக்கவை. வேடர்கள் காட்டைத் தங்களுக்குள் எல்லை வகுத்துப் பிரித்திருந்தார்கள். ஒருவர் எல்லையில் மற்றவர் வேட்டையாடுவதோ தேனும் கனியும் எடுப்பதோ இல்லை. அரசனுக்குத் தேன், மெழுகு, மான் இறைச்சி, யானைத் தந்தம் ஆகியவற்றைத் திறையாகக் கொடுத்தார்கள். அம்புமுனை வேண்டுமானால் இரவில் கொல்லன் பட்டறைக்கு இறைச்சியைக் கொண்டுவந்து தொங்கவிட்டு, வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் அருகில் வைத்துவிட்டுப் போவார்கள். கொல்லன் அந்த வடிவில் முனை அடித்து வைத்தால் மீண்டும் இறைச்சி வரும். அடிக்காமல் விட்டால் அவன் உயிருக்கே ஆபத்து. 1911இல் சி. ஜி. செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் வேடர்களைப் பற்றி நூல் வெளியிட்டபோதும் குடும்பத்துக்குக் குடும்பம் வேட்டை எல்லை பிரிந்திருந்த வழக்கத்தைப் பதிவு செய்தார்கள். ஊவாவில் வேட்டைக்கு வரம்பு என்பது அரசாங்கக் கச்சேரியில் பிறந்ததல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

1815இல் கண்டி பிரித்தானியரிடம் வீழ்ந்தது. இரண்டு ஆண்டுகளில் ஊவாவும் வெல்லஸ்ஸையும் கிளர்ந்தெழுந்தன. 1817-18 கிளர்ச்சியை அடக்கிய முறை கொடியது: ஊர்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன, நீர்ப்பாசனம் குலைக்கப்பட்டது. வெல்லஸ்ஸையின் வயல்களும் குளங்களும் காடாகிப் போயின. பிற்கால வேட்டைக்காரர்கள் வியந்து வருணித்த விலங்கு நிறைந்த வெளிகளில் ஒரு பகுதி, மனிதர் விரட்டப்பட்ட நிலம் என்பதை மறந்துவிட முடியாது.

அந்த வெளிகளுக்குத் துப்பாக்கியோடு வந்தவர்களில் முதலிடம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்சுக்கு உண்டு. இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்த அவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். சாலை அமைத்தது, நிர்வாகம் நடத்தியது போன்ற பணிகளுக்காக அவரைப் பாராட்டியவர்கள் உண்டு. உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதோ 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்பதால். குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் அந்தத் தொகையைப் பதிவு செய்ததோடு, கப்டன் கோல்வே அதில் பாதிக்கு மேலும், சாலைப் பொறுப்பாளர் மேஜர் ஸ்கின்னர் ஏறத்தாழ அதே அளவும் கொன்றதாக எழுதினார். இலங்கையில் தந்தமுள்ள யானைகள் மிகச் சிலவே. ஆகவே இந்தக் கொலையைத் தந்த வணிகத்தைக் கொண்டு விளக்கிவிட முடியாது. 1845 ஜூன் 7ஆம் தேதி ஹப்புத்தளையில் இடி விழுந்து ரொஜர்ஸ் இறந்தார். யானைகளைக் கொன்ற பாவம் என்று ஊரார் பேசிக்கொண்டனர். அவர் நினைவாகப் பதுளையில் எழுப்பிய புனித மாற்கு ஆலயம் இன்றும் இருக்கிறது.

இதில் தனிமனிதர் வெறியை மட்டும் குறை சொல்வது போதாது. யானையைக் கொல்பவருக்கு அரசாங்கமே தலைக்கு இவ்வளவு சிலிங் என்று பரிசு கொடுத்த காலம் அது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டதாக டெனன்ட் குறிப்பிடுகிறார். பயிரைக் காப்பது என்று சொல்லப்பட்ட நோக்கத்தின் கீழ் விளையாட்டு வேட்டையும் தங்கு தடையின்றி நடந்தது. மானுக்கும் மரைக்கும் பரிசு இல்லை. அவற்றைக் கொல்வதற்குத் தடையும் இல்லை.

மரை வேட்டையின் பெயரை இங்கிலாந்து வரை கொண்டுபோனவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ப் புகழ் பெற்ற அவர், 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்தார். மரையை அவர் பெரும்பாலும் துப்பாக்கியால் சுடவில்லை. நாய்களைக் கொண்டு துரத்தினார். விடியற்காலையில் பனி படிந்த சமவெளியில் நாய்க்கூட்டம் மோப்பம் பிடிக்கும். மரை காட்டுக்குள் பாய்ந்து, சரிவில் இறங்கி, கடைசியில் ஓடை நீரை நாடும். மடுவில் இடுப்பளவு நீரில் பாறையை முதுகுக்குப் பின்னே வைத்துத் திரும்பி நின்று, கொம்பாலும் முன்னங்கால் குளம்பாலும் நாய்களை அடிக்கும். நல்ல நாய்கள் பல அப்படி இறந்தன. பேக்கர் ஓர் அடி நீள அலகு கொண்ட கத்தியோடு நீரில் இறங்கி மரையைக் குத்தி வீழ்த்துவார். முதிர்ந்த கலைமரையின் எடை 200 கிலோவைத் தாண்டும் என்பதை நினைத்தால் அந்த நெருக்கத்தின் அபாயம் விளங்கும். 1850களில் அவர் வெளியிட்ட இரண்டு இலங்கை நூல்களைப் படித்துவிட்டுக் கப்பலேறியவர்கள் ஏராளம். அவர் எழுத்தில் வேட்டையின் துடிப்பு இருக்கிறது. கொன்ற விலங்கு மறுபடி பெருகுமா என்ற கவலை இல்லை.

கவலைக்குரிய மாற்றம் துப்பாக்கியால் மட்டும் வரவில்லை. 1840இல் வந்த முடிக்குரிய நில அத்துமீறல் கட்டளைச்சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுடைமையாகக் கொண்டது. கோப்பித் தோட்டங்கள் ஹப்புத்தளை, பதுளை, பசறை, மடுல்சீமை என்று மலை ஏறின. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் மடுல்சீமைப் பகுதியில்தான். கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். தமிழகத்தின் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த தொழிலாளரே காட்டை வெட்டி, கல்லைப் புரட்டி, கன்று நட்டார்கள். மரை பகலில் ஒதுங்கிய காடு தோட்ட எல்லைகளுக்கு இடையே துண்டு துண்டானது.

வேட்டை இப்போது தோட்டத்துரைமாரின் விடுமுறை வழக்கமாயிற்று. 1886இல் ஊவா தனி மாகாணமாகிப் பதுளை அதன் தலைநகரானது. இருப்புப்பாதை 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு 1924இல்தான் வந்தது. மலை வேட்டைக்கு நாய்களோடு ஒஹியாவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறிவிடலாம். அங்கே தோட்டத்துரையான தோமஸ் ஃபார் கட்டிய வேட்டை விடுதி, ஃபார் இன் என்ற பெயரில் நிலைத்துவிட்டது.

தாழ்நாட்டு வேட்டைக்குத்தான் முன்னேற்பாடு அதிகம். பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலை வழியாக மட்டக்களப்புப் பாதை. ஹப்புத்தளையிலிருந்து வெல்லவாய வழியாகத் தெற்கே அம்பாந்தோட்டைப் பாதை. மொனராகலை வழியாகப் பொத்துவில், பாணமைப் பக்கம் இன்னொரு வழி. வாடிவீடு உள்ள ஊர்வரை வண்டிப் பயணம். அதன்பின் மாட்டு வண்டியில் கூடாரம், அரிசி, உப்பு, கொயினா மாத்திரை. மலைக்காய்ச்சல் பயத்தால் கொயினாவை எவரும் மறப்பதில்லை. தடம் பார்க்கப் பாணமை ஊராரோ வேடரோ வேண்டும். சிங்களமும் தமிழும் கலந்து வாழ்ந்த பாணமையின் தடங்காட்டிகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஈர மண்ணில் குளம்பின் விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, மிதிபட்ட புல் நிமிர்ந்துவிட்டதா என்பதைக் கொண்டு மரை கடந்து எவ்வளவு நேரம் ஆனதென்று அவர்கள் சொன்னார்கள். சுட்டவர் பெயர் நூலில் ஏறியது. தடம் கண்டவர் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை.

முதல் வேட்டைச் சட்டம் 1872இல் வந்தது. எருமையையும் பிற வேட்டை விலங்குகளையும் கண்மூடித்தனமாக அழிப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். 1891இல் யானையும் சேர்ந்த விரிந்த சட்டம் வந்தது, 1909இல் இன்னொன்று. கடல் கடந்து நீலகிரியிலும் இதே கதை நடந்தது: 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் அமைந்து, 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அங்கும் கடமானைச் (மரையைச்) சுட்டவர்களே அதன் குறைவைக் கண்டு சட்டம் கேட்டார்கள். இலங்கையில் அந்தப் பணியை 1894இல் தொடங்கிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஏற்றது. தோட்டத்துரைமாரும் அதிகாரிகளுமே அதன் பெரும்பான்மை உறுப்பினர்கள். 1907இல் இலங்கை வேட்டை பற்றி விரிவாக நூல் எழுதிய ஹரி ஸ்டோரியும் ஒரு தோட்டக்காரரே. இந்தச் சங்கமே பின்னாளில் வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக மாறி இன்றும் இயங்குகிறது.

சட்டத்தின் கருவிகள் இரண்டு: தடைக்காலமும் அனுமதிப்பத்திரமும். குட்டி ஈனும் காலம், வறட்சியில் விலங்கு நீருக்குக் கூடும் காலம் ஆகியவற்றைக் கருதி ஆண்டின் ஒரு பகுதியில் மான் வேட்டை நிறுத்தப்பட்டது. திறந்த காலத்தில் வேட்டையாடுபவர் மாகாண அரசாங்க அதிபரின் கச்சேரியில் பணம் கட்டிப் பத்திரம் பெற வேண்டும். பதுளைத் துரைக்கு அது ஒரு கடிதத்தில் முடிகிற காரியம். பிபிலைக்கு அப்பால் சேனை வெட்டி வாழ்பவருக்குக் கச்சேரி இரண்டு நாள் நடை; கட்டணமோ கையில் காசே புழங்காத குடும்பத்துக்குப் பெருந்தொகை. பயிரை மேயும் விலங்கைக் கொல்லச் சட்டம் இடம் விட்டிருந்தது. சேனைக்காரர் இடியன் துவக்கோடு பரணில் காவலிருந்தார். பயிர் காக்கச் சுட்டதா, இறைச்சிக்குச் சுட்டதா என்பதைப் பிரித்தறிவது எந்த ஆராய்ச்சிக்கும் எளிதல்ல.

சங்கத்தின் கோபம் முழுவதும் இந்த ஊர் வேட்டைக்காரர் மீதும் தோல், கொம்பு வியாபாரிகள் மீதும் திரும்பியது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வறட்சியில் நீர்நிலையோரம் பதுங்கியிருந்து இராவெல்லாம் சுட்டு, இறைச்சியைக் காயவைத்து, தோலைப் பொதி பொதியாகக் கரையோர வியாபாரிகளுக்கு விற்றது மான் கூட்டங்களைக் கடுமையாகக் குறைத்தது. ஆனாலும் அரை நூற்றாண்டு காலம் கணக்கின்றிக் கொன்ற கூட்டத்தின் வாரிசுகள், மிஞ்சியதைக் காக்கும் பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டு குற்றத்தை மட்டும் ஊராருக்குக் கொடுத்தது நியாயமாகாது. பத்திரம் தீர்மானித்தது யார், எப்போது, எங்கே என்பவற்றைத்தான். காட்டில் எத்தனை மரை உண்டு, அதில் எத்தனையை எடுத்தால் கூட்டம் தாங்கும் என்ற கணக்கிலிருந்து அது பிறக்கவில்லை.

தோட்டத் தொழிலாளியின் இடம் இந்த ஏற்பாட்டில் இன்னும் தாழ்வானது. துரையின் வேட்டையில் அவர் காடு கலைத்தார், நாய் பிடித்தார், இறைச்சியைக் காவில் சுமந்தார். துப்பாக்கியோ பத்திரமோ அவருக்கு எட்டாதவை. தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் மரவள்ளியையும் வற்றாளையையும் கிண்டும் காட்டுப்பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைத்ததும், நாயோடு போய் முள்ளம்பன்றியோ உக்குளானோ பிடித்ததும்தான் அவருடைய வேட்டை.

இடத்தை வரையறுக்கும் முயற்சி தென்கிழக்கு மூலையில் நடந்தது. 1900இல் யால காடு ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டது. ஒரு பகுதி முழுச் சரணாலயம். அதை ஒட்டிய பகுதி தீவில் வசிக்கும் வேட்டைக்காரருக்கு மட்டும் உரிய ஒதுக்கிடம். வெளிநாட்டிலிருந்து பருவத்துக்கு வந்து சுட்டுவிட்டுப் போகிறவர்களை விலக்கி, உள்ளூர்த் துரைமாருக்கு அனுமதியோடு வேட்டை தருவதே அதன் நோக்கம். ஊவாத் தோட்டங்களிலிருந்து இறங்கியவர்களுக்கு இது எட்டும் தூரம்.

யாலவின் முதல் காவலரும் ஊவா வழியாக வந்தவரே. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போவர் கைதிகளுக்காக 1900இல் ஊவாவின் தியத்தலாவையில் முகாம் அமைந்தது. ஏறத்தாழ 5,000 பேர் அங்கே அடைக்கப்பட்டனர். போர் முடிந்ததும், பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் ஊர் திரும்பினார்கள். பிரமாணம் செய்ய மறுத்த எங்கல்பிரெக்ட் என்பவர் இங்கேயே தங்கிவிட்டார். 1908இல் யாலவின் காவலராக நியமனம் பெற்றார். அப்போது அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர் எழுத்தாளர் லெனார்ட் வுல்ஃப். 1914இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் எங்கல்பிரெக்ட் சிறையிடப்பட்டார். அது பொய்யென்று பின்னால் தெளிந்தது. 1922இல் அவர் அம்பாந்தோட்டையிலேயே காலமானார்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பழைய சட்டங்களை ஒன்றுதிரட்டி 1938 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டே யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. மனிதர் நுழையவே கூடாத கடும் ஒதுக்கிடம், பார்க்க மட்டும் போகக்கூடிய தேசிய பூங்கா, அனுமதியோடு கட்டுப்பாடான வேட்டைக்கு இடம் தரும் இடைவலயம் என்று காடு பிரிக்கப்பட்டது. இந்த இடைவலயம்தான் இலங்கையில் அளவிட்ட வேட்டைக்கு மிக அருகில் வந்த ஏற்பாடு.

அந்த எண்ணம் முழுமையாக வளர்ந்த இடம் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள். கோவேறு கழுதையின் காது போன்ற நீண்ட காதுடைய மியூல் மானுக்கு அங்கே ஒவ்வொரு வேட்டைப் பிரிவிலும் கூட்டத்தைக் கணித்து, ஆணும் பெண்ணும் எந்த விகிதத்தில் உள்ளன, குட்டிகள் எத்தனை பிழைத்தன என்று பார்த்து, அந்த ஆண்டுக்கு இத்தனை சீட்டு என்று வரையறுக்கிறார்கள். விண்ணப்பித்தவர்களிடையே குலுக்கல் நடக்கிறது. கிடைக்காதவருக்குப் பல மாநிலங்களில் அடுத்த ஆண்டுக்கான முன்னுரிமைப் புள்ளி சேர்கிறது. கொலராடோ 1999 முதல் எல்லா மியூல் மான் வேட்டையையும் இந்த வரையறைக்குள் கொண்டுவந்தது. விரும்பிய பிரிவில் ஒரு சீட்டுக்காகப் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருப்பவர்களும் உண்டு. துரையானாலும் தொழிலாளியானாலும் குலுக்கலில் ஒரே வரிசை. பதுளைக் கச்சேரியின் பத்திரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது.

இலங்கை அந்த வழியில் போகவில்லை. விடுதலைக்குப் பின் 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் தனியாக அமைந்தது. துரைமார் நாடு திரும்ப, விளையாட்டு வேட்டையின் செல்வாக்கும் குறைந்தது. கட்டளைச்சட்டம் 1964, 1970, 1993, 2009 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டு, பத்திரத்தின் வழியே வேட்டையை நெறிப்படுத்துவதிலிருந்து வேட்டையையே விலக்கும் திசைக்கு நகர்ந்தது. பூங்காக்கள் ஊவாவைச் சூழ்ந்தன: 1954இல் கல்லோயா, 1972இல் உடவளவை, 1983இல் மதுருஓயா. 1969இல் இயற்கை ஒதுக்கிடமான ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. நாய்க்குரைப்புக்கு அஞ்சி ஓடிய மரையின் வழித்தோன்றல்கள் இன்று அங்கே பாதையோரம் நின்று புல் மேய்கின்றன. யானை மட்டும் அந்தச் சமவெளிக்குத் திரும்பவில்லை.

பூங்காக்களின் விலையை அதிகம் கொடுத்தவர்கள் வேடர்கள். மதுருஓயா பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது அவர்களுடைய வேட்டைக்காடு ஒரே நாளில் தடைசெய்த இடமானது. பலர் குடியேற்றத் திட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். வேடர் ஊரான தம்பானையின் தலைவர் ஊருவரிகே திசாகாமி நகர மறுத்துவிட்டார். அவர் மகன் வன்னில எத்தோ 1996இல் ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகளின் பழங்குடி மக்கள் பணிக்குழுவின் முன் தம் மக்களின் நிலையைச் சொன்னார். திசாகாமி 1998இல் மறைந்தார். எல்லை வகுத்து வேட்டையாடிய மக்களுக்கு ஏனையோருக்கு விதித்த அதே தடையை விதித்தது இந்த வரலாற்றின் பெரிய அநீதி.

இன்று ஊவாவில் மரையையோ புள்ளிமானையோ வேட்டையாட எந்த அலுவலகமும் பத்திரம் தருவதில்லை. இரண்டும் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. ஆயினும் தாழ்நாட்டில் கட்டுத்துவக்கும் தோட்டப்புறங்களில் கம்பிச் சுருக்கும் ஒழியவில்லை. பன்றிக்கு வைக்கும் சுருக்கு, வருவது பன்றியா சிறுத்தையா என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம், ஊவாவுக்கு வெளியே, நல்லதண்ணிக்கு அருகே தோட்டப் பகுதியில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. மரக்கறிப் பாத்தியைப் பன்றியிடமிருந்து காக்க லயத்துக் குடும்பங்களுக்கு வேலியும் இழப்பீடும் கிடைக்காதவரை அந்தக் கம்பியைச் சட்டத்தால் மட்டும் அகற்ற இயலாது.